பேனா மூடி செருகிய சார்ஜர்

போன வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை. நடந்த இடம் திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டு அடுப்படி என்றும் சொல்லலாம், கத்தாரில் என் கணவர் தங்கியிருக்கும் கேம்ப் அறை என்றும் சொல்லலாம். தீ அங்கே பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் இங்கே நின்றேன்.

என் கணவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் ஏ.சி., வயரிங் எல்லாம் பார்க்கிற வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததைவிட போனில் இருந்ததுதான் அதிகம். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீடியோவில் கூப்பிட்டால் லேசில் கட் பண்ண மாட்டோம். அவர் சமைக்கப் போவார், துணி துவைக்கப் போவார். போன் பாட்டுக்கு அவர் கட்டிலில் திறந்தபடி கிடக்கும். என் போன் இங்கே அரிசி டிரம்மில் சாய்ந்து நிற்கும். பேசுவதற்கு ஒன்றுமே இருக்காது. அவர் இல்லாத அறையைப் பார்த்துக்கொண்டே நான் வெங்காயம் உரிப்பேன்.

"வெறும் செவுத்தப் பாத்து என்னத்தடி சிரிச்சிகிட்டிருக்க?" என்பார் என் மாமியார்.

"சும்மா செவுரா மாமி? கத்தார் செவுரு" என்பேன்.

சிரித்துச் சமாளித்தாலும் உள்ளுக்குள் இருந்தது ஏக்கம்தான். போனை வைத்துவிட்டால் அந்த அறை போய்விடும், அவருடைய தலையணை போய்விடும், ஆணியில் தொங்கும் அவருடைய சட்டை போய்விடும். அதனால்தான் வைக்க மனசு வராது.

இப்படி மணிக்கணக்கில் வீடியோ ஓடினால் எந்த போன்தான் தாங்கும்? சாதாரண சார்ஜரில் போட்டால் ஏறுவதைவிட இறங்குவதுதான் வேகம். வேகமாக ஏற்றும் சார்ஜர் இருந்தால்தான் எங்கள் குடும்பம் நடக்கும். அதில்தான் சிக்கலே வந்தது.

என் போன் அவர் கத்தாரில் வாங்கி வந்தது. அதன் சார்ஜரில் அந்த ஊர் வழக்கப்படி மூன்று பட்டைக் கம்பி. நம் வீட்டு பிளக் ஓட்டையில் அது எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது. அவருடைய போனோ, அவர் லீவில் வந்திருந்தபோது கடற்கரையில் கை தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவசரத்துக்குக் காரைக்கால் கடை ஒன்றில் புதுசு வாங்கினார். அதன் சார்ஜரில் நம் ஊர் வழக்கப்படி இரண்டு உருண்டைக் கம்பி. ஆக, அந்த ஊருக்குப் பொருந்துகிற சார்ஜர் என்னிடம், இந்த ஊருக்குப் பொருந்துகிற சார்ஜர் அவரிடம்.

"அத எடுத்துகிட்டு இத வச்சிட்டுப் போங்களேன், வேலை முடிஞ்சிது" என்று நான் கேட்டேன்.

"அது ஆவாது புள்ள. கம்பெனி வேற வேற. அதது அததோட சார்ஜர்லதான் வேகமா ஏறும். மாத்திப் போட்டா எறும்பு ஊர்ற மாதிரி ஏறும். பேசிகிட்டிருக்கப்பவே உன் போன் அணைஞ்சிடும். அப்புறம் என்னையத்தான் திட்டுவ."

எனக்காகத் தேடிப்பிடித்து, அந்த மூன்று கம்பியை நம் பிளக்குக்குப் பொருத்துகிற நல்ல கனமான கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வந்தார். அதை மாட்டி, இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அடிக்கொரு தரம் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது எனக்கு.

"ஆடுற பிளக்க ஒரு நாளும் வச்சிருக்காத. ஆடுனா சூடாவும், சூடானா கருகும், கருகுனா தீதான். வேகமா ஏத்துற சார்ஜர் எடை கூட. தன் எடையிலயே தொங்கி லூசாயிடும். மாசத்துக்கு ஒரு தடவையாவது தொட்டுப் பாரு."

அந்த ஊர் பிளக் பாயிண்டைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். கீழே இருக்கும் இரண்டு ஓட்டைக்கும் உள்ளே குட்டிக் கதவு மாதிரி மறைப்பு இருக்குமாம். மேலே நீளமாக இருக்கும் மூன்றாவது கம்பி முதலில் நுழைந்து தள்ளினால்தான் கதவு திறக்குமாம். பிள்ளைகள் ஆணி, கம்பி எதையாவது குத்திவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

"அப்ப உங்க சார்ஜர்ல மூணாவது கம்பியே இல்லையே, அங்க எப்படி நுழையும்?"

"அத நான் பாத்துக்குறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீடியோவில்தான் தெரிந்தது. கட்டில் தலைமாட்டில் கட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அந்த இரண்டு கம்பி சார்ஜர் தொங்குகிறது. அதற்கு மேல் ஓட்டையில் நீல நிறத்தில் என்னவோ துருத்திக்கொண்டிருக்கிறது.

"என்னங்க அது, நீலமா நீட்டிகிட்டு?"

"அதுவா, ஏரியலு. அது இருந்தாத்தான் நீ கிளியரா தெரியுவ."

பேனா மூடி! மூன்றாவது கம்பிக்குப் பதில் பேனா மூடியைச் செருகிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். கேம்பில் பாதிப் பேர் இப்படித்தானாம். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லாருக்கும் முதல் நாளே யாராவது இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். ஊரான் வீட்டுக்கெல்லாம் வயரிங் பார்க்கிற மனுஷன், தன் தலைமாட்டுக்குப் பேனா மூடி போதும் என்று இருக்கிறார். எனக்குக் கன்வெர்ட்டர் தேடிக் கடை கடையாக அலைந்தவர் தனக்கு ஒன்று வாங்க வேண்டாமா? திட்டினேன். "வாங்கறேன், வாங்கறேன்" என்றார். வாங்கினால்தானே.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் கத்தாரில் ஜும்மாவுக்கு நேரம் இருக்கும். அங்கே அன்று விடுமுறை வேறு. அந்த நேரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு யாராவது போனோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினார். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இஸ்திரிப் பெட்டியும். பிறகு போனை நீள ஒயரில் சார்ஜில் போட்டு, கால்மாட்டில் இருந்த சூட்கேஸில் சாய்த்து வைத்தார்.

"கட் பண்ணாத. குளிச்சிட்டு ஓடியாந்துர்றேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார். குளியலறை வராந்தாவின் அந்தக் கோடியில். வெள்ளிக்கிழமை என்றால் வரிசையில் நிற்க வேண்டும்.

அறையில் மற்றவர்கள் முன்கூட்டியே பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள். என் கணவருக்கு மேல் கட்டிலில் காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நைட் டியூட்டி டிரைவர். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அவருக்குத் தூக்கம் கெடக் கூடாதென்று என் கணவர் போனில் சத்தத்தை எப்போதும் குறைத்தே வைத்திருப்பார். அவர் முகத்தை நான் பார்த்தது கிடையாது. போனில் மேல் கட்டில் பலகையின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். ஆனால் குறட்டை மட்டும் இந்த ஊர் வரைக்கும் கேட்கும்.

நான் நெய்ச்சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தலையணைப் பக்கம் லேசாகப் புகை. வெள்ளிக்கிழமை அல்லவா, சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். சாம்பிராணியைக் கட்டில் மேலா வைப்பார்கள்?

கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த நீல மூடி இளகி வளைந்து கீழே தொங்கியது. சார்ஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கம்பி நுழைந்த இடத்தில் பொறி பறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டியிருந்த போர்வையின் ஓரம் பழுப்பாகி, கருப்பாகி, குப்பென்று பிடித்துக்கொண்டது.

"என்னங்க! என்னங்க! தீ! யாராச்சும் வாங்களேன்!"

கத்தினேன். அடுப்படி அதிர்கிற மாதிரி கத்தினேன். அங்கே அது முணுமுணுப்பாகக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. மேலே இருப்பவரின் குறட்டை நிற்கவில்லை. கீழே போர்வை எரிகிறது, மேலே அந்த மனுஷர் நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த பாக்ஸ் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தால் போதும், சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். என்னால் முடியவில்லை. என்னையறியாமல் திரையில் அந்த இடத்தைக் கையால் அமுக்கினேன். அல்லாவே, அதைவிடக் கையாலாகாத நிமிஷம் என் ஆயுளில் வந்ததில்லை.

யாருக்குப் போன் போடுவது? அவர் போன்தானே அங்கே எரிகிற கட்டிலில் கிடக்கிறது. அப்போதுதான் எதிர்வரிசையில் இருக்கும் லாத்தா நினைவுக்கு வந்தார். லாத்தா என்றால் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை, தெருவில் எல்லாருக்கும் அவர் லாத்தாதான். அவருடைய மகனும் அதே கம்பெனி, அதே கட்டிடம், இரண்டு அறை தள்ளித்தான் இருக்கிறான்.

ஆனால் லாத்தாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. இடியாப்ப மாவுக்கு மாடியில் காயவைத்திருந்த அரிசியை அவர் வீட்டு ஆடு படியேறி வந்து தின்றுவிட்டது. கேட்டதற்கு, "ஆட்டுக்கு எழுதப் படிக்கவா தெரியும், இது உன் வூட்டு அரிசின்னு?" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன். காலில் செருப்பு இல்லை, துப்பட்டி போடவில்லை. எதிரே ஆண்கள் வந்தார்களா, யார் பார்த்தார்கள், ஒன்றும் தெரியாது. லாத்தா கூடத்தில் உட்கார்ந்து மகனோடு வீடியோவில்தான் பேசிக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்து எழுந்தேவிட்டார்.

"என்னடி? மாமிக்கு ஏதும்...?"

அவர் கையிலிருந்த போனை அப்படியே பறித்தேன். "தம்பி, ஓடு! எங்க ரூம்ல தீ! மேல ஆள் தூங்குது! ஓடுப்பா!"

"என்ன சின்னம்மா?" என்று கேட்டவன், அடுத்த நொடி எதுவும் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே ஓடினான் போலிருக்கிறது. லாத்தாவின் போனில் தரையும் சுவரும் மாறி மாறி ஆடின. என் போனில் புகை. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

புகை கெட்டியாகிக் கெட்டியாகி, என் போனில் படமே இல்லாமல் போனது. குறட்டை மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது அல்லவா? பிறகு அது நின்றது. ஒரு இருமல்கூட வரவில்லை. அப்புறம் என் போனில் கால் கட்டாகிவிட்டது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

லாத்தாவின் போனில் தடால் என்று சத்தம். அவன் போனைக் கீழே போட்டுவிட்டான். வராந்தாக் கூரையும் ஒரு டியூப் லைட்டும் தெரிந்தன. யாரோ கத்தினார்கள், ஹிந்தியா மலையாளமா என்று புரியவில்லை. கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் லாத்தாவுக்கு முழுசாக விளங்கியது.

"யா அல்லா, எம் புள்ளய நெருப்புக்குள்ள அனுப்பிட்டியேடி!"

என் கையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்தவர் விடவில்லை. அவர் மகன் உள்ளே, யாரோ ஒருத்தரின் புருஷன் உள்ளே, என் கணவர் எங்கே என்று தெரியாது. குளித்துவிட்டு வந்தவர் உள்ளே ஓடியிருந்தால்? இரண்டு பேரும் அந்த டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். லாத்தாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் ஓத வரவில்லை. "வந்துடுங்க, வந்துடுங்க" என்பது மட்டும்தான் வந்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ. யாரோ போனைத் தூக்கினார்கள். திரையில் என் கணவர் முகம். தலையெல்லாம் சோப்பு நுரை, இடுப்பில் துண்டு.

"ஒண்ணுமில்ல புள்ள. ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"மேல இருந்தவரு?"

"தோ, வெளிய உக்காந்திருக்காரு. தண்ணி குடிக்கிறாரு. தம்பிதான் காலப் புடிச்சி இழுத்துப் போட்டான். மெயினயும் அவன்தான் ஆஃப் பண்ணான்."

லாத்தா போனைப் பிடுங்கினார். "எம் புள்ளயக் காட்டு!" அவன் வந்தான். மூக்கு நுனியில் கரி. "ஒண்ணும் இல்லம்மா, முடி கொஞ்சம் பொசுங்கிருச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தான். லாத்தா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை வர வேண்டிய நேரத்தில் கோபம் வந்தது. "ஏரியலாமே ஏரியலு! என்ன மனுஷன் நீங்க? எனக்குக் கன்வெர்ட்டரு, உங்களுக்குப் பேனா மூடியா? உங்க உசுரு என்ன ஓசியில வந்துதா?" என்று ஆரம்பித்து லாத்தா வீட்டுக் கூடத்தில் நின்றபடி பொரிந்து தள்ளிவிட்டேன். அவர் நுரை கண்ணில் இறங்க இறங்கத் துடைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஊருக்கு வந்துடுங்களேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் நுரையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலையணை, மெத்தை, போன் எல்லாம் கருகிப் போயின. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கம்பெனியில் அறை அறையாக வந்து பார்த்து, இரண்டு கம்பி சார்ஜர்களை எல்லாம் எடுத்துப்போய்விட்டார்களாம். இப்போது என் கணவரிடம் இருப்பது அந்த ஊரின் மூன்று கம்பி சார்ஜர், ஒரு பழைய போன். மெதுவாகத்தான் ஏறும். பேசும்போது சார்ஜ் இறங்குகிறது. இறங்கினால் வைத்துவிடுகிறோம். அறையைத் திறந்து போட்டுவிட்டு அவர் எங்கேயும் போவதில்லை. அது நல்லதற்குத்தான் என்று தெரிகிறது. ஆனாலும் போனை வைத்த பிறகு இந்த அடுப்படியில் நிற்கும்போது கண் அந்த அரிசி டிரம் பக்கமே போகிறது. என்ன செய்ய?

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். சில வாரம் கழித்து, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் மாறிப் பஸ் ஏறி ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை நிறையக் கத்தரிக்காய். வெயிலில் நின்று நின்று கறுத்த முகம்.

"நான் குரும்பகரங்க. உங்க வூட்டுக்காரரு ரூம்ல, மேல் கட்டில்ல படுத்திருப்பாரே, அவரு சம்சாரம்."

கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அதெல்லாம் நடந்தது. சொல்லி முடித்த பிறகும் எதையோ கேட்க வந்தவர் மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் டீ கொடுத்தேன். லாத்தாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கடைசியில் அந்தப் பெண் கேட்டுவிட்டார். "அவரு தூங்குறத நீங்க தெனமும் பாப்பீங்களாமே?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இல்லம்மா, மொகத்தப் பாத்ததே இல்ல. பலகைதான் தெரியும். குறட்டை கேக்கும், அவ்வளவுதான்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "இன்னமும் உடுறாரா?" என்றார்.

"உடுறாராவா? எங்க மாமி நான் கிரைண்டரப் போட்டுட்டு மறந்துட்டேன்னு நெனச்சாங்க."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சிரிப்பை நிறுத்தி, கண்ணைத் துடைத்தார். "நான் நடவுக்குப் போயிட்டு வர்ற நேரத்துக்கு அவரு வண்டி எடுக்கப் போயிடுவாருங்க. சாப்ட்டீங்களா, சாப்ட்டேன், புள்ள படிக்கிதா, படிக்கிது. அதோட சரி. இங்க இருந்தப்ப ஒரு ராத்திரி தூங்க விடமாட்டாரு. திரும்பிப் படு மனுஷான்னு இடிச்சிகிட்டே இருப்பேன். இப்ப ஊடு அப்படியே அமைதியா இருக்குங்க. தூக்கம் வரமாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்து என் கணவர் கூப்பிட்டார். யார் வந்திருக்கிறார் என்று சொன்னேன். "எழுப்பவா?" என்றார். அந்தப் பெண் பதறிக் கையை ஆட்டினார்.

"வேணாண்ணே, வேணாம்! அலுத்து வந்து படுத்திருப்பாரு, தூங்கட்டும். போன மட்டும் கொஞ்சம் கிட்ட வைங்க, போதும்."

என் கணவர் எழுந்து போனை மேல் கட்டில் பக்கம் நீட்டிப் பிடித்தார். அந்தப் பெண் என் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். படம் தெரிகிற போன்தான், ஆனால் அவர் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அரிசி டிரம் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். லாத்தா என்னைக் கிள்ளினார். இரண்டு பேரும் சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றோம்.

நான் உள்ளே வந்து பார்த்தபோது காதில் போனை வைத்தபடியே அந்தப் பெண் தூங்கிப்போயிருந்தார். என் கணவர் அங்கே கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டுதான் இருந்தாராம். அவர் போனில் சார்ஜ் தீர்ந்து கால் தானாகக் கட்டாகிற வரைக்கும் நாங்கள் அந்தப் பெண்ணை எழுப்பவில்லை.

அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் ஒரு சார்ஜர் தொங்கினால் என் கை தானாகப் போய் அதை ஆட்டிப் பார்க்கிறது. சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அந்த ஒயருக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தர் நம்பித் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவர் மூச்சுச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும் என்று எங்கேயோ ஒருத்தி தூங்காமல் இருக்கிறாள் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.